சோசியல் தானேன்னு விட்டுடாதீங்க!

(தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோரிடையே ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியக்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பிள்ளையின் மதிப்பெண் அட்டை கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? கணக்கு. அடுத்து இங்கிலீஷ். சோசியல்ல குறைஞ்சிருந்தா, "அது கதைதானே, பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கலாம்"னு விட்டுடறோம். அந்த எண்ணத்தால் எட்டாம் வகுப்பில் உங்கள் பிள்ளைக்கு 48,000 ரூபாய் கைநழுவிப் போகலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், நம்ம பிள்ளைகள் என்னென்ன தேர்வு எழுதுகிறார்கள், அதில் சமூக அறிவியலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மூன்று வகைத் தேர்வு

"பரீட்சை"ன்னு ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் சந்திப்பது மூன்று வகை.

முதலாவது, பள்ளியே நடத்தும் மதிப்பீடு. 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்ற முறையும் கூடவே வந்தது. வகுப்பில் செய்யும் செயல்பாடு, சிறுதேர்வு ஆகியவற்றுக்கு 40 மதிப்பெண். இது வளரறி மதிப்பீடு. பருவக் கடைசியில் எழுதும் தேர்வுக்கு 60. இது தொகுத்தறி மதிப்பீடு. உங்கள் கைக்கு வரும் மதிப்பெண் அட்டை இந்த வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, அடைவுத் தேர்வு. மாநிலம் முழுவதும், நாடு முழுவதும் ஒரே அளவுகோலை வைத்துப் பார்ப்பது. தேசிய அடைவுத் தேர்வு 2017 நவம்பர் 13 அன்று நடந்தது. அடுத்தது 2021 நவம்பர் 12 அன்று. அதன் பிறகு 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' என்ற பெயரில் நடந்தது. மாநில அளவிலும் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இப்படி ஒரு அடைவுத் தேர்வு நடக்கிறது.

மூன்றாவது, உதவித்தொகைக்கான தேர்வு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. சுருக்கமாக என்.எம்.எம்.எஸ். என்று சொல்வோம். நான் சொன்ன 48,000 ரூபாய் இங்கேதான் இருக்கிறது.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி பயம் வருகிறது. ஒன்று ஆசிரியருக்கு வழிகாட்டுவது. இன்னொன்று அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்வது. மூன்றாவதுதான் உங்கள் பிள்ளைக்குப் பணமாகப் பலன் தருவது.

"என் பிள்ளையை ஃபெயில் ஆக்கிடுவாங்களா?"

அடைவுத் தேர்வு என்றாலே நிறையத் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்று இருந்தது. 2019இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து, தேறாதவர்களை நிறுத்திவைக்கலாமா வேண்டாமா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யலாம் என்று ஆனது. தமிழ்நாட்டில் 2019-20 கல்வியாண்டிலேயே 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பத்து வயசுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று அந்த அறிவிப்பு ரத்து செய்யப்பட்டது. இன்றைக்கும் நம்ம மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடர்கிறது.

அந்தச் சமயத்தில் வந்த கால அட்டவணையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மட்டும்தான் இருந்தன. சமூக அறிவியல் பட்டியலிலேயே இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் இங்கே வருவோம்.

அடைவுத் தேர்வு இப்படிப்பட்டது இல்லீங்க. அதில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. தேசிய அடைவுத் தேர்வு எல்லாப் பள்ளியிலும் நடப்பதும் இல்லை. சோறு வெந்ததா என்று பார்க்கப் பானையில் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பது போல, சில பள்ளிகளை மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்து, அங்கே சில பிள்ளைகளை எழுதவைப்பார்கள். 2021இல் நாடு முழுவதும் 720 மாவட்டங்களில் ஏறக்குறைய 1 லட்சத்து 18 ஆயிரம் பள்ளிகள், 34 லட்சம் பிள்ளைகள். கேள்விக்கு நாலு விடை கொடுத்திருப்பார்கள், சரியானதைக் குறிக்க வேண்டும். முடிவு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் வரும். உங்கள் பிள்ளையின் பெயரில் எந்த அட்டையும் வராது.

அதனால் "நாளைக்கு அடைவுத் தேர்வு, ராத்திரி முழுக்கப் படி"ன்னு பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். நல்லாத் தூங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அளப்பவர்களுக்கு வேண்டியது உள்ளதை உள்ளபடி காட்டும் அளவு.

அளவுகோலில் சமூக அறிவியல் எங்கே?

நம்ம தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்று, இரண்டாம் வகுப்பில் சூழ்நிலையியல் என்று ஒரே பாடம். மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல் தனி, சமூக அறிவியல் தனி. அதாவது எட்டு வயசிலேயே பிள்ளை கையில் சமூக அறிவியல் என்று தனிப் பாடம் வந்துவிடுகிறது.

2021 தேசிய அடைவுத் தேர்வில் 3, 5ஆம் வகுப்புகளுக்கு மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகியவற்றை அளந்தார்கள். சமூக அறிவியலைத் தனியாக அளந்தது எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும்தான். 2024 பரக் தேர்வில் வகுப்புகள் மாறின. மூன்றாம் வகுப்புக்கு மொழி, கணக்கு மட்டும். ஆறாம் வகுப்புக்கு மொழி, கணக்கோடு 'நம்மைச் சுற்றியுள்ள உலகம்'. சமூக அறிவியல் தனிப் பாடமாக அளக்கப்பட்டது ஒன்பதாம் வகுப்பில்.

காரணம் இல்லாமல் இப்படிச் செய்யவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளை எந்தப் பாடத்தையும் படிக்க முடியாது. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக்கிடந்ததால் வாசிப்பும் கணக்கும் பின்தங்கிப் போயின. அதைச் சரிசெய்யத்தான் 2022-23இல் எண்ணும் எழுத்தும் திட்டம் முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கும், அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. அந்த முன்னுரிமை நியாயமானது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதை அளக்கிறோமோ அதற்கு நேரம் கூடும். அளக்காததற்கு நேரம் குறையும். அமெரிக்காவில் 2002இல் ஒரு சட்டம் வந்தது. மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பு, கணக்கு இரண்டிலும் தேர்வு கட்டாயம் என்றார்கள். சில வருஷத்திலேயே பல பள்ளிகளில் சமூக அறிவியல் பாடவேளை சுருங்கிப்போனது. அந்த நாட்டின் தேசிய அடைவுத் தேர்வில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறும் குடிமையியலும் கடைசியாக வைக்கப்பட்டது 2010இல். 2014இலிருந்து எட்டாம் வகுப்புக்கு மட்டும்தான்.

நம்ம ஊரிலும் அது நடக்கக்கூடிய ஆபத்துதான். எண்களைப் பாருங்கள். 2021இல் எட்டாம் வகுப்புக்கான தேசிய சராசரி, 500க்கு மொழியில் 302. சமூக அறிவியலில் 255. இதை நூற்றுக்கு எவ்வளவு என்று மாற்றிப் பார்க்காதீர்கள், அது வேறு வகை அளவு. எந்தப் பாடம் மேலே, எந்தப் பாடம் கீழே என்று மட்டும் பாருங்கள். 2024இல் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியலில் தேசிய சராசரி 40 விழுக்காடு. மொழியில் 54.

"கதைதானே"ன்னு நாம் சொல்கிற பாடத்தில்தான் நாடு முழுக்கப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஏன்?

மனப்பாடக் கேள்வியும் யோசிக்கவைக்கும் கேள்வியும்

ஏனென்றால் நாம் வீட்டில் கேட்கிற சமூக அறிவியல் வேறு, அந்தத் தேர்வு கேட்கிற சமூக அறிவியல் வேறு. "அணை கட்டியவர் யார்? எந்த ஆண்டு?" என்று நாம் கேட்கிறோம். பிள்ளையும் "பென்னிகுவிக், 1895"ன்னு டக்குன்னு சொல்லிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பெயர் தெரியாத பிள்ளை உண்டா? லோயர் கேம்பில் மணிமண்டபமே இருக்கிறது. அடைவுத் தேர்வு இதோடு நிற்காது.

ஒரு கேள்வி சொல்கிறேன். இது எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை, உங்களுக்குப் புரியவேண்டும் என்று நானே எழுதியது.

'கம்பம் பகுதி வயல்களுக்கு முல்லைப் பெரியாறு வழியாக வரும் தண்ணீர் பெரும்பாலும் எங்கே மழையாகப் பெய்தது? அ) கம்பம் நகரில் ஆ) வைகை அணைப் பகுதியில் இ) கேரள எல்லைக்குள், பெரியாறு பாயும் மலைக்காட்டில் ஈ) மதுரையில்.'

சரியான விடை இ. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நல்ல தேர்வில் தப்பான விடைகூட ஆசிரியருக்கு ஒரு சேதி சொல்லும். 'ஆ' என்று குறித்த பிள்ளைக்கு வைகை அணை தெரியும், ஆனால் ஆறு எந்தத் திசையில் போகிறது என்று தெரியாது. தண்ணீர் லோயர் கேம்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் தாண்டி, வைகையில் கலந்து, அப்புறம்தான் வைகை அணைக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு வரைபடம் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். 'ஈ' என்று குறித்த பிள்ளை "மதுரைக்குத் தண்ணீர்" என்று செய்தியில் கேட்டதை வைத்துச் சொல்கிறது. 'அ' குறித்த பிள்ளைக்கு, ஒரு இடத்தில் பெய்யும் மழை இன்னொரு இடத்தில் விளைச்சலாகும் என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. மூன்று பிள்ளைக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான். ஆனால் மூன்று பேருக்கும் தேவைப்படுகிற உதவி வேறு வேறு.

இன்னொரு கேள்வி. 'முல்லைப் பெரியாறு அணை கட்டும் வேலை 1887இல் தொடங்கியபோது, கேரளம் என்ற மாநிலம் இருந்ததா?' இல்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம், இந்தப் பக்கம் சென்னை மாகாணம். 1886இல் இரண்டு பேருக்கும் இடையே 999 வருஷத்துக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. கேரள மாநிலம் உருவானது 1956 நவம்பர் 1இல். இந்த மூன்று ஆண்டையும் ஒரு கோட்டில் வரிசையாக வைத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, 'அணை இருப்பது இடுக்கி மாவட்டத்தில், அதைப் பராமரிப்பது தமிழ்நாடு, அது எப்படி?' என்ற புதிருக்கு விடை கிடைத்துவிடும். 142 அடி என்று டிவியில் பேசும்போது அந்தப் பிள்ளை சண்டைக்குக் கிளம்பாது. என்ன நடந்தது என்று கேட்கும்.

மூன்றாவது கேள்வி. 'உத்தமபாளையத்தில் உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. யாரிடம் மனு கொடுப்பீர்கள்? ஊராட்சித் தலைவர், பேரூராட்சி அலுவலகம், நகராட்சி அலுவலகம், மாநகராட்சி அலுவலகம்?' உத்தமபாளையம் பேரூராட்சி. கம்பத்தில் என்றால் நகராட்சி. பக்கத்துக் கிராமம் என்றால் ஊராட்சி. பெரியவர்கள் நாமே சில சமயம் தப்பான அலுவலகத்து வாசலில் ஒரு நாள் கூலியை இழந்துவிட்டு நிற்கிறோமே! உள்ளாட்சியைப் பற்றித் தொடக்கப் பள்ளியிலேயே பாடம் இருப்பது இதற்காகத்தான். போனில் எத்தனை சேவை வந்தாலும், எந்தத் துறையை அழுத்துவது என்று தெரிந்தால்தானே பலன்?

ஒரே வினாத்தாள், வேறு வேறு ஊர்

"அது சரி சார், ஆனால் வினாத்தாள் சென்னையிலயோ டெல்லியிலயோ தயாராகுது. அதில் நம்ம முல்லைப் பெரியாறு வருமா?" என்று கேட்பீர்கள். வராமல் போகலாம். எல்லா மாவட்டத்துக்கும் பொதுவான தாள் என்றால், நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கும் போடி பிள்ளைக்கும் நியாயமாக இருக்க வேண்டும். ஏலக்காய் ஏலம் எப்படி நடக்கும் என்று கேட்டால் போடி பிள்ளை சொல்லிவிடும், கடலோரப் பிள்ளை முழிக்கும். வலை பின்னுவதைப் பற்றிக் கேட்டால் நம்ம பிள்ளை முழிக்கும். பொதுத் தாளின் குறை இது. ஒரு ஊரின் அறிவு அதில் ஏறாது.

ஆனால் பொதுத் தாள் சோதிப்பது திறனை. வரைபடத்தில் திசை பார்ப்பது, காலக்கோட்டில் வரிசைப்படுத்துவது, ஒன்றுக்கு என்ன காரணம் என்று சொல்வது, யாருக்கு என்ன பொறுப்பு என்று அறிவது. இந்தத் திறனை எந்த ஊரை வைத்தும் பழகலாம். சொந்த ஊரை வைத்துப் பழகினால் சீக்கிரம் வரும். நாலாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஐவகை நில அமைப்பு என்று ஒரு பாடம் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம் மூன்றையும் காட்ட நமக்குப் படம் வேண்டாம். ஏலத்தோட்டம் இருக்கிற மலை, கீழே இறங்கினால் மலையடிவாரக் காடு, அதற்கும் கீழே இரண்டு போகம் விளையும் நெல் வயல். ஒரே பஸ் பயணத்தில் மூன்றும் வந்துவிடும். குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது ஜன்னலோரம் உட்காரவைத்துக் கேளுங்கள்: "இது எந்த நிலம்? இங்கே என்ன வேலை நடக்குது? ஏன் அந்த வேலை இங்கே மட்டும் நடக்குது?" அந்தக் கடைசி "ஏன்"தான் அடைவுத் தேர்வுக்கான பயிற்சி.

படிக்கத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். சொல்லப்போனால் தோட்ட வேலை பார்ப்பவர்களுக்கு மழை, மண், கூலி, சந்தை எல்லாம் வாத்தியாரைவிட நன்றாகத் தெரியும். பிள்ளையிடம் அதைப் பேசுங்கள்.

48,000 ரூபாய்க் கணக்கு

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. நாலு வருஷத்துக்கு 48,000. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, இவற்றில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை 6,695.

தேர்வில் இரண்டு தாள். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி. படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி. இந்த இரண்டாவது தாளைப் பிரித்துப் பாருங்கள்: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. கவனித்தீர்களா? கணக்கைவிடச் சமூக அறிவியலுக்குத்தான் கேள்வி அதிகம். தாளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. தகுதி பெறவே இரண்டு தாளையும் சேர்த்து 40 விழுக்காடு வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 விழுக்காடு. அதற்கு மேல் யார் அதிகம் எடுத்தார்களோ அவர்களுக்குத்தான் தொகை. நூலிழையில் தவறவிடுகிற பிள்ளைக்கு, சமூக அறிவியலில் நாலு கேள்வி கூடுதலாகச் சரியாகியிருந்தால் கதையே மாறியிருக்கும்.

அந்த 35 கேள்விக்கான அடித்தளம் எட்டாம் வகுப்பில் போடுவதில்லை. மூன்றாம் வகுப்பில் "நம்ம தெரு வரைபடம்" வரையும்போதே தொடங்குகிறது. மூன்றிலும் ஐந்திலும் யாரும் பெரிதாக அளக்கவில்லை என்பதால் நாமும் கவனிக்காமல் விட்டுவிட்டு, எட்டில் திடீரென்று 35 கேள்வியைப் பிள்ளை தலையில் இறக்குகிறோம். என் கவலையெல்லாம் இதுதான்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வானால் மட்டும் பணம் வந்துவிடாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருந்து, ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பள்ளி, ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளி என்று மாறும்போது, புதுப்பள்ளித் தலைமையாசிரியரிடம் "என் பிள்ளை என்.எம்.எம்.எஸ். தேர்ச்சி"ன்னு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆதாரில், வங்கியில், பள்ளிப் பதிவேட்டில் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஏழாம் வகுப்பிலேயே சரிபார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

போனை வைத்து என்ன செய்யலாம்?

எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஐந்து வேலை சொல்கிறேன்.

1. பாடநூலில் அச்சடித்திருக்கிற கியூ.ஆர். கோடை 'தீக்ஷா' செயலியில் ஸ்கேன் பண்ணுங்கள். அந்தப் பாடத்துக்கான காணொலி, பயிற்சி திறக்கும். கணக்குப் பாடத்துக்கு மட்டும் ஸ்கேன் பண்ணாமல் சமூக அறிவியலுக்கும் பண்ணுங்கள். செயலி இலவசம்.

2. பாடநூல் கிழிந்துபோனதா, போன வகுப்புப் புத்தகம் வேண்டுமா? தமிழ்நாடு பாடநூல் கழக இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன.

3. போனில் இருக்கும் வரைபடச் செயலியைத் திறந்து, லோயர் கேம்பிலிருந்து வைகை அணை வரை ஆற்றை விரலால் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். வடக்கு எது, மேற்கு எது என்று கேளுங்கள். பத்து நிமிஷம் போதும்.

4. தேசிய அடைவுத் தேர்வு 2021க்கான மாவட்ட அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது. மாநிலம், மாவட்டம் தேர்ந்தெடுத்தால் தேனி மாவட்டத்துக்கானது வரும். ஆங்கிலத்தில் இருக்கும், வீட்டில் படித்த பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். சராசரி எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே 'கற்றல் விளைவுகள்' என்று ஒவ்வொரு திறனாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். எந்தத் திறன் குறைவு என்று அங்கேதான் தெரியும்.

5. என்.எம்.எம்.எஸ். அறிவிப்பு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் வரும். விண்ணப்பம் பள்ளி மூலமாகத்தான் போகும். வாட்ஸ்அப்பில் வரும் "இந்த லிங்கை அழுத்தி உதவித்தொகை பெறுங்கள்" என்ற செய்திகளை நம்பி ஆதார் எண், ஓ.டி.பி. எதையும் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தலைமையாசிரியரைக் கேளுங்கள், அல்லது பள்ளிக் கல்விக்கான 14417 என்ற உதவி எண்ணில் கேளுங்கள்.

கூட்டத்தில் கேட்க மூன்று கேள்வி

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிதண்ணீர் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்று: மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலுக்கு வாரத்துக்கு எத்தனை பாடவேளை? அது வேறு பாடத்துக்குப் போகாமல் நடக்கிறதா?

இரண்டு: வளரறி மதிப்பீட்டுக்கான செயல்பாட்டைப் பிள்ளைகளே செய்கிறார்களா? நம்ம பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. சார்ட்டில் படம் வரைந்து ஒட்டும் வேலையை அம்மாவோ அக்காவோ செய்து கொடுத்து அனுப்பாதீர்கள். கோணலாக இருந்தாலும் பிள்ளை வரைந்ததாக இருக்கட்டும்.

மூன்று: எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்.எம்.எம்.எஸ்.க்கு விண்ணப்பிக்கிறார்கள்? அவர்களுக்குச் சமூக அறிவியல் பயிற்சி எப்போது?

கேட்கும்போது சண்டையாகக் கேட்க வேண்டாம். ஒன்றிரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் தொடக்கப் பள்ளிகள் மலையடிவாரத்தில் நிறைய இருக்கின்றன. "நாங்க என்ன உதவி செய்யட்டும்?" என்று சேர்த்துக் கேளுங்கள். ஊராட்சியில் பொறுப்பில் இருந்தவர், தபால்காரர், ஏல வியாபாரி, பாசனச் சங்கத்துப் பெரியவர் என்று யாராவது ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேசலாம். தலைமையாசிரியர் அனுமதித்தால் இதற்குச் செலவே கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து, நடந்துகொண்டிருக்கிற பாடத்தைத் திறங்கள். பின்பக்கத்துக் கேள்வி பதிலைப் பார்க்காமல், பாடத்தில் இருக்கிற ஏதாவது ஒரு விஷயத்துக்கு "ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் பிள்ளையே நாளைக்கு வகுப்பில் டீச்சரிடம் கேட்டு வரட்டும். எட்டாம் வகுப்பில் பிள்ளை இருப்பவர்கள், என்.எம்.எம்.எஸ். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியை நாளைக்கே பள்ளியில் கேட்டு, போன் காலண்டரில் குறித்துவிடுங்கள்.